ஒன்பது கிலோ எங்கே போச்சு

ஆமாம், எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதை ஒளிப்பானேன்?

எங்களுக்கு நெய்யும் தறிகளிலிருந்து இறங்கும் புதுப் பட்டுச்சேலை எதுவானாலும் நான்தான் உடுத்திக்கொண்டு நிற்பேன். என் வீட்டுக்காரர் குமரேசன் போனில் வீடியோ எடுத்துக் கடைக்காரர்களுக்கு அனுப்புவார். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். போன தை மாதம் அந்த மனுஷன், "அபிதா நிக்கட்டும். ஒல்லியா கீறா, கொசுவம் அழகா உழுது" என்று என்னிடமே சொல்லிவிட்டார்.

அபிதகுசாம்பாள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீடு. எனக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தைந்து. வாரத்துக்கு நாலு சேலை அவள் உடம்பில் ஏறியது. நான் ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்துப் பொசுங்கினேன்.

போனில் ஒரு டயட் பிடித்தேன். பால், தயிர், முட்டை, மீன், சோறு எல்லாம் கட். காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி வெந்நீர். பட்டு நூல் நிறுக்கும் பெரிய தராசில் தினமும் ஏறி நிற்பேன். ஐந்தே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. படியேறினால் கால் நடுங்கியது, அதை யார் கண்டது!

அபிதா ஓடி வந்தாள். "இன்னாக்கா, இப்டி எளச்சிட்டீங்க! எனக்கும் சொல்லுங்கக்கா."

அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்க்கத்தானே பட்டினி கிடந்தேன்! மகாராணி மாதிரி உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆவணி கடைசியில் குமரேசனே, "தீபாவளி சேலைங்களுக்கு நீயே நில்லு, ரேணுகா" என்றார். மறுநாள் காலை ஈர முற்றத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றினேன். அவ்வளவுதான். வலது மணிக்கட்டு முறிந்தது.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் சத்யப்ரியா, "நின்ன எடத்துல உழுந்ததுக்கு இப்டி ஒடையக் கூடாதும்மா. இன்னா சாப்புடுறீங்க?" என்றாள். நான் பெருமையாக ஒன்பது கிலோ கதையைச் சொன்னேன்.

"அந்த ஒன்பது கிலோவும் கொழுப்புன்னு நெனச்சிகினு இருந்தீங்களா? தசையும் போயிருக்கும், எலும்பும் போயிருக்கும். தீட்டு நின்ன பொறவு எலும்பு தானாவே தேயும். அதுல பாலையும் நிறுத்தி, பட்டினியும் கெடந்தா?"

கூட வந்திருந்த குமரேசன் தலை குனிந்துகொண்டார். தான் நிறுத்துக் கொடுத்த நூலில் நெசவாளி நெய்து கொண்டுவரும் சேலை இருபது கிராம் குறைந்தால், "மீதி நூல் எங்க?" என்று குடைந்தெடுக்கிற மனுஷன். அதே தராசில் நான் ஒன்பது கிலோ குறைந்தேன். எங்கே போச்சு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தீபாவளிச் சேலைக்கு நிற்க அபிதா வந்தாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"நானும் ரெண்டு மாசமா பாலத் தொடலக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். ஆறு கிலோ எறங்கிட்டேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவளுக்கும் ஒரு நாள் உடையும். அப்புறம் யார் நிற்பார்கள், பார்க்கலாம்.

அவள் என் மாவுக்கட்டை மெதுவாகத் தொட்டாள். "ரொம்ப வலிக்குதாக்கா?"

டாக்டர் குடிக்கச் சொன்ன பால் என் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அதை அவள் பக்கம் தள்ளினேன்.

"குடி."

"உங்க பாலாச்சேக்கா!"

"குடிடின்றேன். நான் சொன்னத எல்லாம் உட்டுடு. உன்ன வயிறெரிய வைக்கத்தான் சொன்னேன். என் கைய பாரு, அதான் பலன். நாளைக்கே அந்த டாக்டர்கிட்ட போலாம், வா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு குடித்து முடித்தாள்.

"ஜல்தி வாங்க, வெளிச்சம் போவுது" என்று குமரேசன் முற்றத்திலிருந்து கத்தினார். மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் போய் நின்றாள். கொசுவம் அழகாகத்தான் விழுந்தது, பாவிக்கு. எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

காலி டம்ளரை இடது கையில் எடுத்துக்கொண்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் பால் காய்ச்ச உள்ளே போனேன்.