பொடி வைக்காத வெள்ளி

உடைந்த நட்சத்திரத்தை காஸ்பர் நோராவின் பட்டறை மேசைமேல் வீசினார். இரண்டு துண்டுகளும் திசைக்கொன்றாகத் தெறித்தன.

"இன்னா இது, சொல்லு."

"நான் செஞ்ச நட்சத்திரம். நல்லாத்தான் குடுத்தேன்."

"வெள்ளி நட்சத்திரமா, ஜெர்மன் சில்வர் நட்சத்திரமா? அத்த சொல்லு மொதல்ல."

அவருக்குப் பின்னால், மந்தைவெளித் தெருவின் வெயிலிலிருந்து ஆரோக்கியமேரி டீச்சர் உள்ளே வந்தார். மாதா கோயில் பங்கின் திருவிழாக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கடற்காற்றில் மாதாவின் கிரீடம் வருடம்தோறும் கறுத்துப்போகும். அதை மெருகேற்றுவது காஸ்பரின் வேலை. இந்த முறை கிரீடத்தில் பன்னிரண்டு நட்சத்திரங்கள் சேர்க்கலாம், அவையாவது கறுக்காத வெள்ளியில் இருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது. பங்குக் குடும்பங்கள் பழைய கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ்கூடக் கொடுத்தன. நோரா அவற்றை வெள்ளி உருக்கும் இடத்தில் கொடுத்து, அதே அளவுக்குப் புது வகை வெள்ளியை வாங்கி நட்சத்திரங்களைச் செய்தாள். அவற்றுக்குக் காம்பு பற்றவைத்துக் கிரீடத்தில் சேர்க்கும் பொறுப்பு காஸ்பருக்கு.

புது வெள்ளியில் என்ன கலந்திருக்கிறது என்று கூட்டத்தில் கேட்டபோது, "கொஞ்சம் ஜெர்மேனியம்" என்றாள் நோரா. காஸ்பரின் காதில் 'ஜெர்மன்' மட்டும் விழுந்தது. ஜெர்மன் சில்வர் என்பது தி. நகர்க் கடைகளில் கல்யாணப் பரிசாகக் குவிந்திருக்கும் தட்டும் கிண்ணமும். செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். பெயரில் உள்ள வெள்ளி பொருளில் குண்டுமணி அளவும் கிடையாது. ஜெர்மேனியம் வேறு. அது ஒரு தனிமம். வெள்ளியோடு சிறிதளவு சேர்த்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை, வெள்ளியில் கலந்திருக்கும் செம்புக்கு முந்திப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படியும். அதனால்தான் அந்த வெள்ளி எளிதில் கறுப்பதில்லை.

இதையெல்லாம் விளக்க நோராவுக்கு யாரும் நேரம் தரவில்லை. காலையிலேயே பங்கின் வாட்ஸ்அப் குழுவில் காஸ்பரின் குரல் வந்துவிட்டது: "நம்ம வூட்டு கொலுசெல்லாம் உருக்கப் போச்சு, ஜெர்மன் சில்வர் திரும்பி வந்துச்சு. நடுவுல எங்க போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்பா. உங்களுக்கே தெரியும்."

நோராவின் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி இந்தப் பங்கிலிருந்துதான். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சங்கிலி, கல்யாண மோதிரம். இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

"எம் பொண்ணு கொலுசும் அதுல இருக்கு நோரா," என்றார் டீச்சர். "அவ போனதுக்கப்புறம் நான் அத வெளியே எடுத்ததே இல்ல. மாதாவுக்குன்னு குடுத்தேன்."

"டீச்சர், நாளைக்கு தி. நகர் போய் மிஷின்ல வச்சுப் பாத்துடலாம். எவ்வளவு வெள்ளின்னு அதுவே சொல்லிடும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. சாயங்காலப் பூசை முடிஞ்சதும் எல்லாரும் என் கழுத்தப் புடிப்பாங்க. நாளைக்கு வாங்கன்னா விடுவாங்களா?"

"அதுக்குள்ள மிஷின்காரனயும் சரிகட்டிடுவா," என்றார் காஸ்பர்.

நோராவின் முகம் சிவந்தது. ஒரு துண்டை எடுத்து உடைந்த இடத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், காம்பு பத்த வச்ச உடனே என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? இடுக்கில தூக்கி தண்ணில போட்டேன். நீ கவுனு போட்ட நாள்லேருந்து நான் இந்த வேலை செய்றேன், எனக்கே பாடமா?"

"செவப்பா இருக்கும்போதே தூக்கினீங்க?"

"வெள்ளின்னா தாங்கும். இது தாங்கல. அப்ப இது வெள்ளி இல்ல. அவ்ளோதான் கணக்கு."

நோரா ஜன்னல் திரையை இழுத்து அறையை மங்கலாக்கினாள். நல்ல வெளிச்சத்தில் இந்த வெள்ளியின் சிவப்பு கண்ணுக்குப் பிடிபடாது; சூடு ஏறவில்லை என்று நினைத்து நெருப்பைக் கூட்டினால் தொய்ந்துவிடும். இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் தேய்த்துச் சுத்தமாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கரிக்கட்டையில் வைத்தாள். சூட்டில் அழுக்கு ஏறாதிருக்க வெங்காரத்தைத் தொட்டுத் தடவினாள்.

"பொடி எங்க?" என்றார் காஸ்பர்.

பற்றவைக்கிற கலவையைத் தூளாக்கி இணைப்பில் வைப்பதால் பட்டறையில் அதற்குப் பொடி என்று பெயர். நெருப்பில் அதுதான் முதலில் உருகி, இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்ளும்.

"பொடி வேணாம். ஜெர்மன் சில்வர்னா பொடி இல்லாம இந்த டார்ச்சுல ஒட்டுமா அங்கிள்?"

"ஒட்டாது. ஜென்மத்துக்கும் ஒட்டாது. கருகித்தான் போவும்."

"டீச்சர், கேட்டுக்கங்க."

டார்ச்சைப் பற்றவைத்தாள். சாதாரண வெள்ளியில் சூடு சட்டென்று எல்லாப் பக்கமும் ஓடிவிடும். முழுத் துண்டையும் காய்ச்சியாக வேண்டும். இதில் சூடு பட்ட இடத்திலேயே நிற்கும். ஆகவே தீ நாக்கை ஓரிடத்தில் நிறுத்தாமல் இணைப்பைச் சுற்றி அசைத்துக்கொண்டே இருந்தாள். வெளிறிய சிவப்பு படர்ந்தது. பிறகு ஒரு நொடி, மேற்பரப்பு முழுவதும் தண்ணீர் பட்டதுபோல் மினுங்கியது. நோரா தீயை விலக்கினாள்.

காஸ்பரின் கை இடுக்கியோடு நீண்டது. "குடு, தூக்கிப் பாக்கறேன்."

அவர் மணிக்கட்டில் நோரா ஓங்கி ஓர் அடி வைத்தாள். இடுக்கி தரையில் போய் விழுந்தது.

"பெரியவன அடிக்கிறியா?"

"தொட்டா மறுபடி உடையும். உடைக்கத்தான கை வந்துச்சு?"

எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த அதிரசத்தைப் போலத்தான். சூட்டோடு தூக்கினால் விண்டுபோகும். ஆறினால் பிடிப்பு வந்துவிடும். சிவப்பு முழுக்க அடங்கும்வரை நோரா கரிக்கட்டையை மறைத்து நின்றாள். பிறகு துண்டை நீரில் நனைத்து, திரையை விலக்கி, காஸ்பரிடம் நீட்டினாள்.

"இழுங்க."

அவர் இரண்டு குறடால் பிடித்து முறுக்கினார். நட்சத்திரத்தின் கை வளைந்தது, இணைப்பு விடவில்லை. வெளிச்சத்தில் திருப்பினார். கருகல் இல்லை, வெளுப்பாகவே இருந்தது. நகத்தால் இணைப்பைக் கீறினார்.

"காஸ்பர்," என்றார் டீச்சர். "வெள்ளியா, இல்லையா?"

"...வெள்ளிதான்."

டீச்சர் தன் கைபேசியை அவர் வாயருகே பிடித்தார். "குரூப்ல சொல்லு."

காஸ்பர் தொண்டையைச் செருமினார். "நோரா குடுத்தது வெள்ளிதான். ஆனா, பழைய வெள்ளி கணக்கா இல்ல, இன்னா ஏதுன்னு அவளுக்குத்தான் வெளிச்சம்..."

நோரா கைபேசியைப் பிடுங்கி அந்தப் பதிவை அழித்தாள். "பொடி வைக்காம பேசுங்க அங்கிள்."

"ரொம்பத்தான் துள்ளற நீ."

"ஆமா. பேசுங்க."

பல்லைக் கடித்தபடி மறுபடி சொன்னார். "நோரா குடுத்தது வெள்ளி. உடைஞ்சது என் கைல." டீச்சர் அனுப்பினார்.

"மிச்ச நட்சத்திரத்த நானே கிரீடத்துல பத்த வைக்கிறேன் டீச்சர்," என்றாள் நோரா. "இவர் கை படக்கூடாது."

காஸ்பர் குனிந்து இடுக்கியை எடுத்துக்கொண்டார். "கிரீடம் என் வூட்டு பீரோல கீது. வந்து வாங்கு பாக்கலாம்." வெளியே அவர் பைக் உறுமிப் போனது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் கோபம் எறங்கிடும்டி. நானே கேட்டு வாங்கித் தரேன்."

நோரா டார்ச்சின் கேஸை மூடி, ஹெல்மெட்டை எடுத்தாள்.

"இன்னிக்கு விட்டா, நாளைக்கு அந்தக் கிரீடத்துலயே வெள்ளி கொறையுதுன்னு சொல்லுவாரு. எழுந்திரிங்க டீச்சர், வண்டில உக்காருங்க."