அரை அங்குல மிதி

1

இந்தக் கதை எனக்கு ஊசி முனையில் கிடைத்தது. மாதம் ஒருமுறை என் ரத்தத்தை எடுத்துப்போக ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு வரும் அம்புஜம், ஊசியைக் கண்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, பேச்சுக் கொடுப்பதற்காகத் தன் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பஞ்சு வைத்து அழுத்தி முடித்துவிட்டார். நான் கையை மடக்கவே இல்லை. "அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் எழுத உட்காருவதற்கு முன் கரும்புக்கடை என்கிற பகுதிக்கு மூன்று தடவை போய், கதையில் வரும் மெக்கானிக்கையே பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் சாஜிதா பேகம்.

பிறகு தொடக்கங்கள். முதலாவது இது: "அந்தக் கொட்டகையின் தகரக் கூரை வழியே இறங்கிய காலை வெயில், ஒரு..."

[உவமை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது.]

இரண்டாவது: "சாஜிதா பேகம் ஒரு பெண்ணாக இருந்தும்..."

[அந்த 'இருந்தும்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கத்தில் மூன்றே சொற்கள். அதை வைத்துக்கொண்டேன்.

2

கார் சத்தம் போட்டது.

இருபத்தைந்து வருஷம் ஓடிய வெள்ளைக் கார்.* வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், முன்னால் எங்கோ அடியில், டப்பாவுக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று ஒரு சத்தம்.

* எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. வண்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

அம்புஜத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. மதுக்கரையில் வீடு. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள், படியிறங்க முடியாதவர்கள் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, ஒன்பது மணிக்குள் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். பின்சீட்டில் ஐஸ் பெட்டி. கார் நின்றால் அவர் வேலையும் நிற்கும்.

கணவர் ரங்கராஜ் ஒரு தனியார் பள்ளியில் வண்டிகளுக்குப் பொறுப்பாளர். சத்தம் தொடங்கிய வாரமே, தனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"கியர்பாக்ஸ் பேரிங் போயிருச்சாம். பிரிச்சா ஒரு வாரம் ஆகும்ங்கறாங்க. சாமான் கெடைக்கறதும் சந்தேகமாம். வந்த வெலைக்குத் தள்ளி உட்டுப்போட்டு வேலையையும் கொறச்சுக்க அம்புஜம்."

"சாஜிதாகிட்டக் காட்டாம நான் எதுக்கும் ஒத்துக்கமாட்டேன்" என்றார் அம்புஜம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் காருக்குப் புது க்ளட்ச் போட்டவர் சாஜிதாதான். அதில் மனம் நிறைந்து, பள்ளியின் எட்டு வேன்களையும் மே மாத விடுமுறையில் சாஜிதாவிடமே வேலைக்கு விடுங்கள் என்று அம்புஜம் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரங்கராஜும் முக்கால்வாசி சம்மதித்திருந்தார். இது சாஜிதாவுக்கும் தெரியும். எட்டு வேன் வந்தால், இரண்டு கார் மட்டும் நிற்கிற அந்தக் கொட்டகை ஒரு ஒர்க்‌ஷாப் ஆகிவிடும்.

(வரைவைப் படித்த நண்பர், சாஜிதா எப்படி மெக்கானிக் ஆனார் என்று வாசகர் கேட்பாரே என்றார். ஆண் மெக்கானிக்காக இருந்தால் கேட்பாரா என்று திருப்பிக் கேட்டேன். கேட்கமாட்டார் என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு வரி: ஐ.டி.ஐ. படித்தார், பன்னிரண்டு வருஷம் இன்னொருவரிடம் கியர்பாக்ஸ் வேலை பார்த்தார், பிறகு தனியாக வந்தார். முதல் வரைவில் அவரை 'அவள்' என்றுதான் எழுதியிருந்தேன். எல்லாரையும் 'ங்க' போட்டே பேசிப் பழகிய கோயமுத்தூர்க்காரனுக்கு அது வாயில் நிற்கவில்லை.)

3

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்புஜம் காரைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார். பக்கத்து சீட்டிலிருந்து ரங்கராஜ் இறங்கினார்.

"ஏனுங்க சாஜிதா, கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிப்போட்டாங்க. உங்க க்ளட்ச் வேலைல ஒண்ணும் கொறையில்லீங்க. வண்டிக்கு வயசாயிருச்சு, என்ன பண்றது?" என்றார் ரங்கராஜ்.

சாஜிதா பானெட்டைத் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா. நியூட்ரல்லயே இருக்கட்டும்."

கடகட.

"க்ளட்ச மிதிங்க."

நின்றது.

"உடுங்க."

கடகட.

"பாத்தீங்களா?" என்றார் ரங்கராஜ். "மிதிச்சா நிக்குது. மிதிச்சா இன்ஜின் சுத்தறது கியர்பாக்ஸுக்குப் போகாது. அப்பச் சத்தம் கியர்பாக்ஸ்லதானுங்களே?"

நியாயமான பேச்சு. எழுதும்போது நானே நம்பிவிட்டேன். அந்த ஒர்க்‌ஷாப்காரர்களும் பொய் சொல்லவில்லை. இந்த இடத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

"எறங்குங்கக்கா, நான் கொஞ்சம் உக்காரறேன்."

சாஜிதா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வெறுங்காலைப் பெடலின்மேல் வைத்தார். மிதிக்கவில்லை, வைத்தார். பெடல் அரை அங்குலம் இறங்கியிருக்கும்.

சத்தம் நின்றுவிட்டது.

காலை எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. பிறகு முழுக்க மிதித்து முதல் கியர் போட்டு, பெடலை மெல்ல மெல்ல விட்டார். பெடல் பாதித் தூரம் மேலே வந்தபோதே கார் நகரப் பார்த்தது. மறுபடியும் நியூட்ரலுக்கு வந்து இன்ஜினை அணைத்தார்.

[இங்கே நான் கதையை நிறுத்தத்தான் வேண்டும். என்னைப் போலக் கார் தெரியாதவர்களுக்கு: பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தினால்தான் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள பிடி விடும். அரை அங்குலத்தில் பிடி விடுவதில்லை. கியர்பாக்ஸின் பேரிங் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது சுற்றும்போதே சத்தம் நின்றால் அது குற்றவாளி அல்ல. அப்படியானால் அரை அங்குலத்தில் அசைவது எது? பெடலோடு சேர்ந்து நகர்ந்து க்ளட்ச்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங். அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு சின்னக் கிளிப்புகள் உண்டு. பிடி தளர்ந்தால் அது ஆடும், தட்டும். கால் லேசாகப் பட்டாலே இறுகி அடங்கிவிடும்.

அந்த ரிலீஸ் பேரிங்கை இரண்டு மாதத்துக்கு முன்னால் மாட்டியவர் சாஜிதா.]

சீட்டை விட்டு அவர் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"பொய் சொல்றதுக்கு எவ்வளவு லேசா இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றார்.

உண்மைதான். 'ஆமாங்க, கியர்பாக்ஸ்தான்' என்று சொன்னால் போதும். அந்த வார்த்தையை ரங்கராஜே எடுத்துக்கொடுத்துவிட்டார். கியர்பாக்ஸைக் கழற்றுகிற சாக்கில் கிளிப்பையும் சரியாக மாட்டி, வேண்டுமென்றால் கியர்பாக்ஸின் பழைய பேரிங்கையும் மாற்றி அனுப்பினால், சத்தம் நின்றுவிடும். எவருக்கும் தெரியாது. போச்சு என்று சொன்ன வண்டியைப் பிழைக்க வைத்தவர் என்ற பெயரும் கிடைக்கும்.

இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குதுங்க. தப்பு என்னோடது. நான் மாட்டுனதுல ஒரு கிளிப் சரியா உக்காரல. இல்லீனா உழுந்திருக்கோணும்."

4

இந்த இடத்தில் சாஜிதாவுக்கு ஒரு சாக்கு எழுதிக்கொடுத்தேன். நல்ல சாக்கு. க்ளட்ச் மாட்டிய அன்று மகள் ஆஃப்ரின் காய்ச்சலோடு பள்ளியிலிருந்து போன் செய்கிறாள். அம்மா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு... அரைப் பக்கம் வந்தது. படிக்கிறவர் மனம் இளகிவிடும்.

அடுத்த தடவை போனபோது அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"அன்னிக்கு யாரும் கூப்புடலீங்களே."

"கதைக்காகத்தானுங்க."

"காய்ச்சல் வந்திருந்தாலும் கிளிப்பப் பாத்துட்டுத்தான் மூடோணும். பாத்துட்டேன்னு நெனச்சுட்டு மூடிப்போட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு. புள்ளையத் தூக்கிடுங்க."

தூக்கிவிட்டேன். ஆஃப்ரினுக்குக் காய்ச்சல் இல்லை.

5

ரங்கராஜ் வீட்டில் பேசுவது தெலுங்கு. மனைவி பக்கம் திரும்பி அதில் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தமிழ்லயே சொல்லுங்க" என்றார் அம்புஜம். "சாஜிதா புள்ளையும் கேக்கட்டும்."

"ஒண்ணுமில்லீங்க." ரங்கராஜ் சாஜிதாவைப் பார்த்தார். "வேன் நெறையக் கொழந்தைங்க போறாங்க. அதைத்தான் யோசிச்சேன்."

"யோசிக்க வேண்டியதுதானுங்க" என்றார் சாஜிதா. "மொதல்ல இதை எறக்கிப் பாத்தறலாம். நான் சொன்னது சரியான்னு நீங்களே பாருங்க."

பள்ளிக்குப் போக வேண்டிய ரங்கராஜ் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு கியர்பாக்ஸ் கீழே இறங்கியது. க்ளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்குள் டார்ச் அடித்தபோது, அடியில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கம்பிக் கிளிப் கிடந்தது. இன்னொன்று மட்டும் பேரிங்கைக் கவ்வியிருந்தது. பேரிங் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விரலால் தட்டினால் ஆடியது.

நான்கு மணி நேரம் முன்னால், பானெட்டைக்கூடத் திறக்காமல், வெறுங்காலால் சாஜிதா சொன்னது இதுதான்.

புதுப் பேரிங், இரண்டு புதுக் கிளிப்புகள். மாட்டியதும் விரலால் இழுத்துப் பார்த்தார். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு ரங்கராஜைக் கூப்பிட்டார்.

"நீங்களும் ஒருக்கா இழுத்துப் பாருங்க. அப்புறம் மூடறேன்."

ரங்கராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். இழுத்தார். அசையவில்லை.

ஐந்தரைக்கு அம்புஜம் ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெடலைத் தொட்டார், விட்டார், தொட்டார், விட்டார். எந்த வித்தியாசமும் இல்லை.

"தண்ணியாட்ட ஓடுது கண்ணு" என்றார். மறுநாள் விடியலில் ஐஸ் பெட்டியோடு கிளம்பியவர், பதினோரு வீடுகளையும் முடித்துவிட்டு எட்டே முக்காலுக்குப் பரிசோதனை நிலையம் வந்து சேர்ந்துவிட்டார்.

6

எட்டு வேன்கள் என்ன ஆயின?

இரண்டு முடிவுகள் எழுதினேன். முதல் முடிவில் ரங்கராஜ், "மே மாசம் எட்டையும் அனுப்பறேனுங்க" என்கிறார். இரண்டாவது முடிவில், தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார். நடந்தது இதில் ஒன்று. எது என்று எனக்குத் தெரியும்.

சாஜிதா இரண்டையும் வாங்கிப் படித்தார். தாளின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் பதிந்திருக்கிறது.

"ரெண்டும் வேண்டாமுங்க."

"ஒண்ணு நடந்ததுதானுங்களே?"

"நடந்ததுதான். ஆனா, வேனைக் குடுத்தாங்கன்னு எழுதுனீங்கன்னா, குடுப்பாங்கன்னு நெனச்சு நான் உண்மையச் சொன்ன மாதிரி ஆயிரும். குடுக்கலைன்னு எழுதுனா ஐயோ பாவம்னு ஆயிரும். நான் சொன்னப்ப எனக்கு ரெண்டும் தெரியாதுங்க."

இதற்குமேல் எழுதுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? ஆகவே ரங்கராஜை அந்த மாலை ஐந்தரை மணியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கார்க் கதவைப் பிடித்தபடி சாஜிதா பக்கம் திரும்புகிறார். என்னவோ சொல்லப்போகிறார். அதை நீங்கள் சொல்லுங்கள்.

அவசரம் வேண்டாம். எட்டில் ஒரு வேனில் தினமும் உங்கள் குழந்தை போகிறது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.