இரண்டு சகலைகளும் ஒரு பருத்தி இலையும்

காலை ஆறு மணிக்குப் பருத்தி இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. வெயில் ஏறினால் பூச்சிகள் கை பட்டதும் பறந்துவிடும். அவை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதே மேலிலை, நடுவிலை, கீழிலை என்று மெல்லத் திருப்பி எண்ணி எழுத வேண்டும். பதினொரு வருடமாக எழுதுகிறேன். அன்றைக்கு இருபது செடி பார்த்தும் நோட்டில் பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் விழவில்லை. மூன்று நாள் அடைமழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருந்தது.

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு விஞ்ஞானிகள். அக்காவையும் தங்கையையும் கட்டிய சகலைகள். பெரியவர் உருவாக்கிய ரகத்துக்கு இலை முழுக்க ரோமம். தத்துப்பூச்சி அதில் உட்கார்ந்து சாறு உறிஞ்ச வழியில்லை. சின்னவருடைய ரகம் வழவழவென்று இருக்கும். வெள்ளை ஈக்கு ஒதுங்க இடமில்லை. பெரியவர் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது, சின்னவருக்குக் காதில்கூட முடி என்பதை வைத்துப் பண்ணையில் ஓடாத கேலி இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்வுக் குழு விவசாயிகளுக்குக் கொடுக்கும். மாமனார் வீட்டில் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்வதில்லையாம்.

பூஜ்யங்களைப் பார்த்து முதலில் துள்ளியவர் பெரியவர்.

"பாத்தீங்களாம்மா, ஒண்ணுகூட இல்ல! எல்லாம் ரோமத்தோட மகிமை."

"உங்க சகலை வயல்லயும் ஒண்ணும் இல்ல சார். மழை பெஞ்சிருக்கு."

"அவருக்கு மழை. எனக்கு ரோமம்."

பத்து நிமிடம் கழித்துச் சின்னவரும் வந்து அதையே மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே வந்திருக்க வேண்டிய தேர்வுக் குழு, பாதை சேறாகிவிட்டதால் பத்து நாள் தள்ளிப்போனது. பிறகு அடித்ததே வெயில்! பெரியவர் வயலில் வெள்ளை ஈ குடும்பத்தோடு குடியேறியது. சின்னவர் வயலில் தத்துப்பூச்சி உறிஞ்சி இலை ஓரமெல்லாம் சிவந்து சுருண்டது.

பெரியவர் தனியாக வந்தார். "இந்த வாரம் கீழிலைய விட்டுடுங்களேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்கும்."

சின்னவரும் தனியாக வந்தார். "பத்து மணிக்கு மேல எண்ணுங்களேன்க்கா. வெளிச்சத்துல தெளிவாத் தெரியும்."

"தெளிவாப் பறந்துடும் சார்."

சொல்லிவிட்டேன். என் வேலையை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கும் தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஆனாலும் பூச்சி இருக்கும்போது இல்லை என்று எழுத விரல் வரவில்லை. உள்ளதை எழுதினேன்.

குழுத் தலைவியம்மா மஞ்சள் புடவையில் வந்து இறங்கியதும் எனக்குத் திக்கென்றது. மஞ்சள் என்றால் வெள்ளை ஈக்கு உயிர். பெரியவர் வயலில் நாலு வரிசை நடந்து வெளியே வந்தபோது புடவை முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளை.

"என்ன சார் இது?"

"பஞ்சும்மா," என்றார் பெரியவர்.

"பஞ்சு பறக்குதே?"

சின்னவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவருடைய வயலில் சிவந்த இலை ஒன்றைத் தலைவியம்மா கிள்ளி நீட்டியதும் அந்த இருமல் நின்றது.

திரும்பும் வழியில் தலைவியம்மா வரப்பில் நின்றுவிட்டார். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரிசைச் செடி பச்சைப்பசேலென்று நின்றது. "இது யாரோட ரகம்?"

பெரியவர் சின்னவரைப் பார்த்தார், சின்னவர் பெரியவரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "யாரோடதும் இல்லம்மா. போன வருசம் ரெண்டு வயலுக்கும் தேனீ மாறிமாறிப் போச்சு. அதுல ரெண்டும் கலந்து விளைஞ்சு மிஞ்சுன விதைய ஓரத்துல போட்டேன். ரோமம் ரொம்பவும் இல்ல, இல்லாமலும் இல்ல. ரெண்டு பூச்சியும் கம்மிதான்." நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டினேன். மழை, வெயில், மூட்டம் என்று நாள்வாரியாக அதற்கும் கணக்கு எழுதியிருந்தேன்.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவர் புடவையை உதறிக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து இத வளத்துக் காட்டுங்க. எண்ணுற வேலை இவங்களுக்கே."

மறுநாள் காலை, வரப்போரம் ஒரே செடிக்கு இருபுறமும் சகலைகள் மண்டியிட்டிருந்தார்கள்.

"ரோமம் என்னோடது," என்றார் பெரியவர்.

"மத்ததெல்லாம் என்னோடது அண்ணே," என்றார் சின்னவர்.

இருவரும் ஒரே இலையை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துத் திருப்பினார்கள். அடியில் ஒரேயொரு தத்துப்பூச்சிக் குஞ்சு. அது நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பெரியவர் கட்டைவிரலில் ஏறி, நகத்தைச் சுற்றி, சின்னவர் விரலுக்குத் தாவியது. நான் பென்சிலைத் தேடி எடுக்கும்வரை இருவரும் மூச்சுவிடாமல் அப்படியே இருந்தார்கள்.