அறுபது கம்பிகளும் ஒன்றாக

கனடாவின் சாஸ்கட்டூனில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு என்று ஒரு சட்டம் உண்டு. மூளைச் செல்களை வளர்க்கும் கண்ணாடித் தட்டின் அடியில், அவற்றின் மின்துடிப்பைப் பிடிப்பதற்காக உள்ள அறுபது கம்பிகளும் ஒரே சமயத்தில் துடித்தால் அது செல்களின் வேலை இல்லை, மூலையில் இருக்கும் பிரிட்ஜின் மின்சாரம் செய்யும் வேலை. கணினியே அதைக் கழித்துவிடும். பேராசிரியர் லோர்ன் போட்ட சட்டம் என்றால் கேட்க வேண்டுமா, யாரும் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய ஆராய்ச்சி மாணவி டானிகாவிடம் மிச்சமிருந்தது இந்த ஒரு தட்டுதான். எலியின் மூளைச் செல்களை அதில் விதைத்து, பச்சைக் குழந்தையைப் போல வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டாள். திரையில் ஓர் அசைவும் இல்லை. சாயங்காலம் லோர்ன் வருவார். அப்போதும் ஊமையாக இருந்தால் தட்டு குப்பைக்குப் போகும், அவளுடைய ஆராய்ச்சியும் அதோடு சரி.

வெறுத்துப்போய், கணினி கழிப்பதை நிறுத்திவிட்டு, கம்பிகளின் துடிப்பைச் சத்தமாக்கும் ஒலிபெருக்கியைத் திருகினாள். படபடவென்று பொரிந்தது. அடங்கியது. மறுபடியும் பொரிந்தது.

"பிரிட்ஜ் பாட ஆரம்பிச்சிடுச்சு. எழுந்து ஆடு," என்றான் பக்கத்து மேசை மார்செல்.

"வாயை மூடிட்டு அந்தப் பிளக்கைப் புடுங்குடா."

"ஐயோ, உள்ள என் ஐஸ்கிரீம் ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

முனகிக்கொண்டே பிடுங்கினான். பொரிவது நிற்கவில்லை.

சத்தம் இயந்திரத்திலிருந்தே வருகிறதா என்று பார்க்க டானிகா எழுந்தாள். தன் தட்டை எடுத்துவிட்டு, செல்லே இல்லாத வெறும் உப்புநீர்த் தட்டை வைத்தாள். சத்தமே இல்லை. தன் தட்டைத் திரும்ப வைத்தாள். அப்போதும் சத்தமே இல்லை.

"கொன்னுட்டேனா மார்செல்?"

கதவு திறந்தது. கழிவுப் பையோடு லோர்ன் வந்து நின்றார். "போதும் டானிகா. விட்டுடு."

"ஒரு நிமிஷம் லோர்ன். தூக்கி வெச்சதுல மிரண்டிருக்கும். கொஞ்சம் பொறுங்க."

எங்கோ ஒரு கம்பி டிக் என்றது. தள்ளி இன்னொன்று. பிறகு அறுபதும் சேர்ந்து பொரிந்தன.

கண் இல்லை, காது இல்லை, உடம்பே இல்லை. யாரும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. நகத்தளவு செல் படலம் தானாகவே தனக்குள் பேசிக்கொண்டிருந்தது. டானிகாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பிரிட்ஜ்தானே அது?" என்றார் லோர்ன்.

மார்செல் பிளக்கைத் தூக்கிக் காட்டினான்.

லோர்ன் ஒலிபெருக்கியின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அடுத்த பொரிவு வரும்வரை மூச்சுக்கூட விடவில்லை. அது வந்ததும் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"ஊமைன்னு சொல்லி," என்றார், "இதுவரைக்கும் எத்தனை தட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன்?"