காசா மரத்தடிச் சருகு

மண்குதிரை சுமந்துவரும் புரவியெடுப்புத் திருவிழாவுக்காக அய்யனார் கோயில் காட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சருகைக் குவித்துக் கோயில் முன்னால் எரித்தார்கள். விளக்குமாறுகள் காசா மரத்தை நெருங்குமுன் அதனடியில் கிடந்த சருகை அள்ளிச் சாக்கில் கட்டி பைக்கில் ஏற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. என் மனைவி சித்ரா இறந்தபிறகு யாரிடமும் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.

சருகுக்குள் கூட்டுப்புழுக்கள் இருந்தன. ஒரு சிறிய அந்துப்பூச்சியினுடையவை. பூச்சி சுண்டுவிரல் நகமளவு, மரப்பட்டை நிறம். பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. காசா இலையின் அடியில் முட்டையிடும். புழு தளிரைத் தின்னும், இலையை நூலால் சுருட்டி உள்ளேயிருந்து வளரும், பிறகு நூல் விட்டு இறங்கிச் சருகில் கூடு கட்டும். கோடை முழுக்க அங்கேதான். மழை விழுந்தால் சிறகோடு வரும். சில நாள் வாழ்வு. தின்ன வாய் கிடையாது. “சமையலக் கொறை சொல்லாத புருசன்னா இதுதான்” என்பாள் சித்ரா. இந்தப் பூச்சிதான் அவளுடைய ஆராய்ச்சி.

எல்லைக் கல்லருகே மாமனார் கருத்தையா வண்டியை மறித்தார். காட்டுக்குப் பொறுப்பு அவர்தான்.

“மூட்டையில என்ன மாப்பிள்ளை?”

“சருகு மாமா.”

“அய்யனார் காட்டுச் சுள்ளி ஒண்ணு எல்லை தாண்டக் கூடாதுன்னு ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். காலேசு படிச்சவுக மூட்டை கட்டிட்டுப் போறீக.”

“சித்ராவோட பூச்சி இருக்கு. எரிச்சிருவாங்க.”

அவர் சாக்கைப் பார்த்தார்.

“வருசா வருசம் வந்து நிப்பா. ‘அந்த மரத்தடியில வெளக்குமாறு பட்டுச்சுன்னா ஒங்ககூடப் பேச மாட்டேன்ப்பா’ம்பா. விட்டுருவேன். இந்த வருசம் யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல. கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?”

வண்டியிலிருந்து இறங்கினேன். அவரே மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“ஏய், இங்குட்டு யாரும் கூட்ட வராதீக!”

மரத்தடியில் இருவரும் குத்தவைத்து, சருகைப் பிடிபிடியாக எடுத்துப் பரப்பினோம். நான் சாக்கை இறுக்கிக் கட்டியதில் ஒரு கூடு கிழிந்திருந்தது. உள்ளிருந்தது அவர் உள்ளங்கையில் விழுந்தது. புளியங்கொட்டை நிறம், அரிசியளவு.

“செத்துருச்சா மாப்பிள்ளை?”

எனக்கும் தெரியவில்லை. விரல் நுனியால் தொட்டார். அசையவில்லை. மறுபடி தொட்டார். வால்நுனி மெல்ல ஒருமுறை திரும்பியது.

“ஏ ஆத்தா...” என்றார்.

கீழே விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கோயில் பக்கமிருந்து புகை வந்தது. அவர் மற்றொரு கையைக் குடையாகக் கவித்து, அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.