கூப்பிடாதீங்க, எழுதுங்க

பஷீராவுக்கு ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. சற்று இழுத்தாற்போல் இருக்கும், பழகியவர்களுக்குப் புரியும். கணினிப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியும், வாடிக்கையாளர் போன் செய்தால் யார் பேசுவது என்று கேட்டு நான்கு கம்பெனிகள் அவளைத் திருப்பி அனுப்பின. ஐந்தாவது கம்பெனிக்கு அவள் போகவில்லை. சேலம் கோட்டைப் பகுதியில், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா கரீம் பாஷாவின் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள்.

தனியாளாக உட்கார்ந்து செயலி எழுதிப் பிழைக்கிறவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். பண்ணையிலோ குளிர்கிடங்கிலோ ஏதாவது கோளாறு என்றால் முதலாளியின் போனில் சைரன் அடிக்க வேண்டும். அந்த ஒரு பகுதியை அவள் எழுதிக் கொடுத்தாள். போன்களுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் அதைச் சரிபார்த்துத் திருத்துவதும், சந்தேகம் கேட்டால் தீர்ப்பதும் அவள் பொறுப்பு. வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். பெரிய இடங்களில் ஒரு மாதத்துக்கே அதற்கு மேல் கேட்டார்கள். ரசீதின் மேலேயே அச்சிட்டிருந்தாள்: ‘கூப்பிடாதீங்க, எழுதுங்க. பத்து நிமிடத்தில் பதில் வரும்.’ ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் வருகிறவர்களும் போய்விடுவார்கள் என்ற பயம்.

மே மாதம் ஒரு காலை, எட்டு மணிக்கு நாமக்கல் சிவபிரகாஷிடமிருந்து செய்தி வந்தது: ‘சைரன் அடிக்கலை.’

சிவபிரகாஷ் கோழிப்பண்ணைகளுக்குச் செயலி எழுதுகிறவன். கொட்டகைக்குள் முப்பத்தைந்து டிகிரி தாண்டினால் பண்ணைக்காரரின் போன் அலறும். அவர் ஓடிப்போய் விசிறியையும் தண்ணீர்த் தெளிப்பானையும் போடுவார். முந்தைய நாள் மதியம் மோகனூர்ப் பக்கம் அத்தாயியின் பண்ணையில் அது அலறவில்லை. ஏதோ வேலையாகக் கொட்டகைக்குள் போன அத்தாயி, கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்ததால் அன்றைக்கு அவை தப்பித்தன. இன்றைக்கும் வெயில் அப்படியே ஏறப்போகிறது.

அவனுடைய செயலி அனுப்பியிருந்த கோளாறுக் குறிப்புகளை பஷீரா வரிவரியாகப் படித்தாள். இரண்டு நாள் முன்பு ஒரு வகை போனுக்கு வந்த அப்டேட், திறக்காமல் கிடக்கும் செயலிகளையெல்லாம் தூங்கவைத்துக்கொண்டிருந்தது. ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எட்டு ஏழுக்கே பதில் போட்டுவிட்டுத் திருத்த ஆரம்பித்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு அத்தா ஓர் ஆளை மாடிக்கு அழைத்துவந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அவன் கத்தினான்.

“ஏனுங்க, பதினாலு தடவ கூப்புட்டனுங்க! எடுத்து ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவீங்க?”

கோபத்தில் உதடுகள் வேகமாக அசைந்ததால் பஷீராவுக்குப் பாதிதான் பிடிபட்டது.

“மெதுவாப் பேசுங்கண்ணா. எனக்குக் காது கேக்காது. உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன்.”

சிவபிரகாஷ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“உங்க போனைத் திறந்து பாருங்க” என்றாள்.

மூன்று செய்திகள் படிக்கப்படாமல் கிடந்தன. கண்டுபிடித்தது, திருத்தியது, திருத்திய பகுதியை அனுப்பியது. கடைசிச் செய்தி வந்தபோது அவன் ராசிபுரம் தாண்டிக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சுக்கங்க” என்றான், அவளுக்குப் புரியும்படி மெதுவாக. கேட்கத் தேவையில்லாதபடி அவன் முகமே அதைச் சொல்லியது.

தரையிலேயே உட்கார்ந்து பையிலிருந்த மடிக்கணினியில் புதிய பகுதியைச் சேர்த்தான். பத்தரைக்குச் செயலி தயார். முதலில் அத்தாயிக்கு அனுப்பினார்கள். அத்தாயியின் மருமகள் ரஞ்சிதா தன் போனில் வீடியோவில் வந்தாள்.

“அக்கா, உங்க போனத் திறக்காம அப்புடியே ஓரமா வைங்க. சூடு பாக்குற சென்சாருகிட்ட ஒரு சொம்பு சுடுதண்ணி கொண்டுவாங்க” என்றான் சிவபிரகாஷ் அத்தாயியிடம்.

அத்தாயி சொம்பைக் கொண்டுபோனார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பஷீரா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று வரிசை வரிசையாகக் கூண்டுகளில் இருந்த கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. சைரன் அடித்துவிட்டதென்று சிவபிரகாஷ் துள்ளிக் குதிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அடிச்சுருச்சு சாமி! ஊடு வரைக்கும் கேக்குது!” என்றார் அத்தாயி. ரஞ்சிதா போனை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

பஷீரா உடனே அடுத்த வேலைக்குத் திரும்பினாள். இன்னும் இருபத்திரண்டு பேர் இதே பகுதியைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கும் இன்னும் கோளாறு தெரியாது. அவர்கள் எழுதுவதற்குள் அவள் அனுப்பிவிட வேண்டும்.

“அனுப்புனதப் படிக்காத என்னாட்டம் ஆளுங்க இருப்பாங்கங்க” என்றான் சிவபிரகாஷ். “நீங்க அனுப்புங்க. நான் ஒவ்வொருத்தருக்கா கூப்புட்டுச் சொல்றேன்.”

தம்மம்பட்டிப் பால் குளிரூட்டும் நிலையத்துக்குச் செயலி எழுதியவர், மேச்சேரித் தறிப்பட்டறைக்கு எழுதியவர் என்று அவன் ஒவ்வொருவரிடமாகப் பேசப் பேச, திரையில் பதில்கள் வந்து விழுந்தன: ‘அடிக்குது.’ ‘இங்கயும் அடிக்குது.’ மதியம் ஒரு மணிக்குள் இருபத்திரண்டும் வந்துவிட்டன. வெளியே வெயில் நாற்பத்தொன்று. ஒன்றேகாலுக்கு அத்தாயியின் போன் தானாகவே அலறியது, விசிறிகள் சுழன்றன. அன்று ஒரு கோழியும் சாகவில்லை.

பஷீரா படிகளில் தடதடவென்று இறங்கினாள். கடை நிறையக் கூட்டம். அத்தா கையில் எவர்சில்வர் குடத்தோடு நின்றார்.

“அத்தா! எல்லா ஊர்லயும் அடிக்குது!”

வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கரீம் பாஷா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“இன்னும் சத்தமாச் சொல்லும்மா.”