எதிர்ப்பக்கத்து மரை

நிலைய அதிகாரி தீயணைப்பு வண்டியின் ஹோஸை இழுத்துவந்து, குழந்தைகள் காப்பகத்தின் வெளிச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் குழாய்வாயில் வைத்துத் திருகினார். பிடிக்கவில்லை. எடுத்து, ஹோஸின் முனையிலிருந்த கப்ளிங்கைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு மறுபடியும் திருகினார். அரைச் சுற்று போய் நின்றது. மூன்றாவது தடவை அவர் திருகவில்லை. குனிந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் இருபத்தாறு குழந்தைகள் வரப்போகிறார்கள்.

"மரை வேறம்மா. இது மாநில மரை. எங்க ஊர் வண்டியில பழைய மரைதான்," என்றார்.

தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தூவ, கூரையில் நாங்கள் பொருத்தும் ஸ்பிரிங்க்ளர்களுக்குக் கட்டடத்தின் தொட்டியிலிருந்தே தண்ணீர் வரும். அது போதாமல் போனால், தீயணைப்பு வண்டி தெருவில் நின்றபடியே இந்த வாயில் ஹோஸை மாட்டித் தண்ணீரை உள்ளே தள்ளும். மாட்ட முடியாத வாய் சுவருக்கு ஒரு மூக்குத்தி, அவ்வளவுதான். மாநில விதிப்புத்தகம் செங்கல் கனம் இருக்கும். அதில் இந்தத் திருகு மரைக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது, எல்லா ஊரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்தக் காப்பகம் இருக்கும் பக்கத்து நகராட்சி மட்டும் தன் பழைய வண்டிகளை விட மனமில்லாமல், நாற்பது பக்கத்தில் தனியாக ஒரு விதிப்புத்தகம் போட்டு, அதன் கடைசிப் பக்கத்தில் பழைய மரையையே வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் கம்பெனியில் என் வீட்டுக்காரர் கூரை, நான் காகிதம். அவர் குழாயும் ஏணியுமாகத் திரிவார். வரைபடம், விண்ணப்பம், விதி, உட்பிரிவு எல்லாம் என் பொறுப்பு. மாநிலம் ஒன்று சொல்லி நகராட்சி ஒன்று சொன்னால் எது கடுமையோ அதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான், அதனால் என் பேச்சுதான் எடுபடும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கூரையில் ஸ்பிரிங்க்ளரைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் வரும், வெறும் அழகுக்கு. அது ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் மறுபடி ஏணி போட வைப்பேன். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று சொல்வார்களே, அது யாரைப் பற்றி என்று அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். தெருவின் இந்தப் பக்கம் எங்கள் நகராட்சி, எதிர்ப்பக்கம் பக்கத்து நகராட்சி. இந்தப் பக்கத்தில் பதினான்கு கட்டடங்களுக்கு வேலை முடித்திருக்கிறோம். காப்பகம் எதிர்ப்பக்கம். விண்ணப்பத்தை எதிர்ப்பக்கத்து அலுவலகத்துக்குத்தான் சரியாகக் கொடுத்தேன். வரைபடத்தின் ஏழாவது தாளை மட்டும், எல்லா வேலைக்கும் ஒன்றுதானே என்று பழைய வேலையிலிருந்து எடுத்து, கட்டடத்தின் பெயரை மாற்றிச் சேர்த்துவிட்டேன். மரை அந்தத் தாளில் இருந்தது. அவர்கள் அலுவலகத்திலும் யாரும் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, காப்பகம் பாப்பாவுடையது. பாப்பா என் நாத்தனார். முப்பத்து நான்கு வயதாகிறது, கடைக்குட்டி என்பதால் இன்னும் பாப்பாதான். எட்டு வருஷம் யாரோ நடத்திய காப்பகத்தில் வேலை பார்த்து, அந்த வேலையை விட்டுவிட்டு, இந்த இடத்தைப் பிடித்து, சுவருக்குத் தானே வாத்தும் முயலும் வரைந்து வைத்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாக மரியாதை மட்டும்தான். சண்டை என்று ஒரு நாள் வந்ததில்லை, சிரிப்பு என்றும் ஒரு நாள் வந்ததில்லை. நான் போனால் எழுந்து நிற்பாள். எனக்குத் தண்ணீர் கொடுக்கும் முன் டம்ளரை இரண்டு தடவை கழுவுவாள்.

அவள் வாசலில் வந்து நின்றாள். "என்ன ஆச்சு? இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுருவாங்கன்னு சொன்னீங்களே."

நான் வாயைத் திறக்கும் முன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "என் தப்பு பாப்பா. மரைய மாத்தி மாட்டிட்டேன்."

"மாட்டும்போது பாக்க மாட்டியா அண்ணா? திங்கக்கிழமை திறக்கலேன்னா செவ்வாக்கிழமை வேற எடம் பாத்துருவாங்க. எல்லாருக்கும் வேலைக்குப் போகணும்ல? சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். அண்ணி இல்லேன்னா உன் கம்பெனி என்னைக்கோ மூடியிருக்கும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் பழைய மரை வாய் கேட்டுக் கடைக்குப் போன் போட்டால், வர மூன்று வாரம் என்றார்கள். சரி, வந்தாலும்தான் என்ன? மாநில மரையைக் கழற்றினால் மாநில அதிகாரி ஏற்கெனவே கொடுத்த சான்றிதழ் போய்விடும். வைத்திருந்தால் நகராட்சி கையெழுத்துப் போடாது. எது கடுமையோ அதைச் செய் என்ற எங்கள் வேதவாக்கும் உதவவில்லை, இரண்டில் எதுவும் கடுமையில்லை, இரண்டும் வேறு, அவ்வளவே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாநில அதிகாரிக்கே போன் போட்டேன். அவர் ஏதோ மென்றுகொண்டே பேசினார்.

"எங்க வாய் எங்க அளவுல அப்படியே இருக்கணும். அதுக்கு மேல நீங்க தொப்பி போடுங்க, கிரீடம் வைங்க, எனக்கென்ன. கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும், தொலையாம சங்கிலி போட்டிருக்கணும். பிரிவு நம்பர் வேணுமா?"

பிரிவு நம்பரை நானே சொன்னேன். எங்களுக்கு வேண்டியது இதுதான்: உள்பக்கம் மாநில மரை, வெளிப்பக்கம் பழைய மரை, நடுவில் ஒரு சாண்கூட வராத பித்தளைத் துண்டு. நகராட்சியின் நாற்பது பக்கத்தையும் புரட்டினேன், அப்படி ஒரு துண்டு கூடாது என்று எங்கும் இல்லை. கடையில் கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ள வேண்டியதுதான். லேத் பட்டறைக்காரரிடம் போனோம். எங்கள் குழாய்க்கு இருபது வருஷமாக மரை போட்டுத் தருபவர், கை சுத்தம். கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்தப் பழைய மரைய நான் கண்ணால பாக்கணும், கையால தொடணும். காகிதத்துல இருக்கிற அளவ நம்பி நான் கடைய மாட்டேன்." காகிதத்தை நம்பாதவர் என்று எனக்கு அவர்மேல் எப்போதும் ஒரு கோபம் உண்டு. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலைய அதிகாரி முன்னால் போய் நின்றோம். ஒரே ஒரு கப்ளிங், இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்றோம்.

"வண்டியில இருக்கிற பொருள் வண்டிய விட்டுப் போகக் கூடாது. விதி," என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விதி என்று ஒருவர் சொன்னால் அதன் வாசகத்தைக் கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. "சரியா என்னன்னு எழுதியிருக்கு சார்?" என்றேன். அவர் பலகையைக் காட்டினார். வண்டியைச் சேர்ந்த எந்தப் பொருளும் வண்டியிலிருந்து பிரிந்து வெளியே செல்லக் கூடாது.

"வண்டியோட சேந்து போகலாமா?"

அவர் பலகையை மறுபடி படித்தார். மீசைக்குக் கீழே லேசாக ஏதோ அசைந்தது. "சனிக்கிழமை வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும். எந்தத் தெரு வழியாப் போகணும்னு எங்கயும் எழுதல," என்றார்.

எட்டரை மணிக்கு லேத் பட்டறை வாசலில் ஒரு முழு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. தெரு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் நகைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எங்கே நெருப்பு, எங்கே நெருப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர், "நெருப்பு இல்லீங்க, அளவெடுக்க வந்திருக்கு," என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஹோஸின் ஒரு முனை வண்டியோடு மாட்டியபடியே இருக்க, மறுமுனையைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனோம். நிலைய அதிகாரி வாசல்படியில் நின்று, வண்டியையும் ஹோஸையும் மாறி மாறிப் பார்த்தார், எதுவும் பிரியவில்லை. லேத்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மரையை நகத்தால் வருடி, பல் பல்லாக எண்ணி, கலிப்பரை வைத்து அளந்து, "அந்தக் காலத்து ஆளுங்க ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க," என்றார். பித்தளை பொன்தூளாய்ச் சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் துண்டை வாயில் திருகினோம். வெண்ணெயில் விரல் போவதுபோல் போனது. அதன்மேல் ஹோஸும் மாட்டிக்கொண்டது. ஆனால் கடைந்த துண்டு என்பதால் முழு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையக் கூடாது, அப்போதுதான் கையெழுத்து என்றார் நிலைய அதிகாரி. வண்டி உறுமித் தண்ணீரைத் தள்ளியது. முள் ஏறி நின்றது. வால்வை மூடிவிட்டு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையாக அண்ணாந்து பார்த்தபடி போய்விட்டார். அவருக்கு அதுதான் வேலை, கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்கும் முன் கூரையைப் பார்ப்பார். கேஜுக்கு முன்னால் இரண்டு குட்டி நாற்காலிகள் கிடந்தன, குழந்தைகள் உட்காருகிற உயரம். ஒன்றில் நான், ஒன்றில் பாப்பா. இரண்டு மணி நேரம் முள்ளைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்தேன். "பாப்பா, அது உங்க அண்ணன் தப்பு இல்ல," என்றேன். "ஏழாவது தாள் நான் போட்டது. பழைய வேலைலேர்ந்து அப்படியே எடுத்து வெச்சுட்டேன். அவர் வரைபடத்துல இருந்ததத்தான் மாட்டினார். நேத்தே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துது."

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "நீங்களா அண்ணி?"

"நான்தான்."

"நீங்க தப்புப் பண்ணுவீங்களா?"

"ரெண்டு ஊர் சனம் பாக்கற மாதிரி பண்ணியிருக்கேனே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போனேன், பார்த்தால் சிரிக்கிறாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சிரித்துச் சிரித்து, குட்டி நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "கல்யாணமாகி வந்த அன்னைக்கே எங்க வீட்டுக் கேஸ் சிலிண்டர் ரப்பர் குழாயில தேதி பாத்தீங்க. அன்னைலேர்ந்து எனக்கு உங்களக் கண்டா பயம். பதினோரு வருஷம். ஒரு டம்ளர் குடுக்கக் கை நடுங்கும்."

"தேதி முடிஞ்சு போயிருந்துது பாப்பா."

"தெரியும். முடிஞ்சுதான் போயிருந்துது," என்று சொல்லி மறுபடி சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். கழுவினாளா என்றே தெரியவில்லை. உள்ளே ஒரு கலர் பென்சில் சீவல் மிதந்தது. குடித்துவிட்டேன். என்னை அவளுக்குப் பிடிக்காது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பயம் என்று தோன்றவே இல்லை. எனக்கு மனசு வலித்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணிக்கு முள் வைத்த இடத்தில் இருந்தது. நிலைய அதிகாரி இறங்கிவந்து, துண்டைச் சங்கிலியோடு இழுத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். "மத்த கட்டடத்துக்கும் இதே மாதிரி பண்ணலாம் போலிருக்கே," என்று முனகிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, "சொல்லிட்டியா?" என்றார். தலையாட்டினேன். "போச்சு போ. ஒரே ஒரு நாளாவது உன்னக் காப்பாத்துன ஆளா இருந்தேன்," என்றார்.

திங்கட்கிழமை சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று எட்டரை மணிக்குப் போனேன். வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே ஒன்று அழ, அதைப் பார்த்து ஒன்று அழ, வேலைக்குப் போக வேண்டிய ஓர் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதுகொண்டிருந்தாள். பாப்பாவுக்கு என்னைப் பார்த்து எழுந்து நிற்கவெல்லாம் நேரமில்லை. "அண்ணி, இதப் பிடிங்க," என்று ஒரு பயலை என் இடுப்பில் ஏற்றிவிட்டு ஓடினாள். அவனைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் பாயில் போட்டேன். மல்லாந்து விழுந்ததும் அழுகை நின்றுவிட்டது. எதையோ உற்றுப் பார்த்தான்.

எதைப் பார்க்கிறான் என்று நின்றபடி தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு நானும் பக்கத்தில் படுத்தேன். எங்கள் வேலையை என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. இந்த அறையில் அத்தனை பேரும் பாயில் மல்லாந்து அதைத்தான் பார்க்கப்போகிறார்கள். நேர் மேலே ஸ்பிரிங்க்ளரின் சிவப்புக் கண்ணாடிக் குமிழில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கியது. அதைச் சுற்றியிருந்த வெள்ளை வளையம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. ஏணியும் அந்த அறையின் மூலையில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பயல் இரண்டு கைகளையும் அந்த வளையத்தை நோக்கி நீட்டி, விரல்களை விரித்து விரித்து மூடினான்.